தொடை வழியா, நெஞ்சு வழியா

என் மனைவி கொழுந்து எடுக்கும்போது இரண்டு கையும் மாறி மாறி ஒரே கதியில் போகும். அந்தக் கை ஒரு நாள் தேயிலை நிரையின் நடுவில் நின்றது. செடிமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் மேல் காட்டில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடியைத் தறித்து விடுவதுதான் கவாத்து. அங்கிருந்து பார்த்தேன். கத்தியை வைத்துவிட்டு இறங்கிப் போய் என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. நெஞ்சுக்குள்ள கோழி செறகடிக்கற மாதிரி இருக்குது."

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு அடி அடித்தது. ஒன்றை விட்டது. பிறகு நாலைந்து அடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. திரும்பவும் விட்டது. கையை விட்டுவிட்டு, உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். உட்காரச் சொன்னால் உட்காருகிறவள் இல்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஊட்டிக்குப் போகச் சொன்னார்கள். ஊட்டியில் கோயமுத்தூருக்குப் போகச் சொன்னார்கள். கோயமுத்தூரில் ஒரு தரும ஆஸ்பத்திரி. அங்கே நெஞ்சு டாக்டர் ஒரு அம்மா. அதிகம் பேசமாட்டார். அதனால் எனக்கு அவரைப் பிடித்தது.

சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று அவளைக் கேட்டார். வந்தது என்றாள். அந்தக் காய்ச்சல் அப்போதே நெஞ்சுக்குள் ஒரு கதவைச் சுருக்கிவிட்டது என்றார். கதவு சுருங்கினால் அதற்குப் பின்னால் இருக்கிற அறையில் ரத்தம் தேங்கும். அறை வீங்கும். வீங்கின அறை ஒழுங்காகத் துடிக்காது, நடுங்கும். நடுங்குகிற இடத்தில் ரத்தம் கட்டியாக உறையும். கட்டி கழன்று மூளைக்குப் போனால் கை கால் விழும், உயிரும் போகும். நோயைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்.

வழி இரண்டு இருக்கிறது என்றார். ஒன்று தொடை வழி. தொடை நரம்பில் ஊசி குத்தி மெல்லிய குழாயை நெஞ்சு வரைக்கும் ஏற்றுவார்கள். நுனியில் ஒரு பலூன் இருக்கும். கதவுக்குள் வைத்து ஊதினால் கதவு விரியும். பிறகு இன்னொரு நாள் அதே வழியில் கம்பி விட்டு, தப்பாகத் துடிக்கிற இடத்தைச் சுட்டு விடுவார்கள். வெட்டு இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் துடிப்பு சரியாகிவிடும் என்று கையடித்துச் சொல்ல முடியாது. திரும்ப வரும், திரும்பச் சுட வேண்டியிருக்கும்.

மற்றது நெஞ்சு வழி. நடு எலும்பைப் பிளப்பார்கள். நெஞ்சை நிறுத்திவிட்டு ரத்தத்தை வெளியே ஒரு மிஷினில் ஓடவிடுவார்கள். கெட்ட கதவை எடுத்துவிட்டு உலோகக் கதவு வைப்பார்கள். அந்தக் கையோடு வீங்கின அறையின் சுவரில் கோடு கோடாக வெட்டித் தைப்பார்கள். வெட்டின இடம் தழும்பாகும். நெஞ்சைத் துடிக்க வைக்கிற கரண்ட் தழும்பைத் தாண்டாது. கண்ட இடத்தில் சுற்றாமல் ஒரே பாதையில் போகும். துடிப்பு நிலைக்க இதுதான் உறுதியான வழி என்றார். ஆனால் பெரிய ஆபரேஷன். மேஜையிலேயே போய்விடுகிறவர்களும் உண்டு. அதையும் அவர் மறைக்கவில்லை. விலா எலும்புக்கு நடுவில் துளை போட்டுச் செய்கிற ஒரு வழியும் வெளிநாட்டில் இருக்கிறதாம். கதவு கெட்டவர்களுக்கு அது ஆகாது என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

நான் வெட்டுகிறவன். வெட்டினால் துளிர்க்கும் என்றுதான் எனக்குத் தெரியும். ஒன்றும் தாண்டிப் போகக் கூடாது என்பதற்காக வெட்டுவது எனக்குப் புதிது.

எது நல்லது என்று கேட்டேன். இன்றைக்கு நிலைமையில் இரண்டும் செய்யலாம், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். அதுவரைக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார். ஒரு நாள்கூட விடக் கூடாது. மாதம் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். நாட்டு மருந்து, கஷாயம் எதுவும் சேர்க்கக் கூடாது. அவள் தலையாட்டினாள். ஒரு மாத்திரையைக்கூட அவள் விட்டதில்லை. இதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நெஞ்சைப் பொளந்தா அப்பறம் கூடை தூக்க முடியுமுங்களா?"

"தெரியல."

"அப்ப அது வேண்டாமுங்க."

அவளுக்கு அது கூடை மட்டும் இல்லை. எஸ்டேட்டில் நிரந்தரப் பேர் அவளுடையது. நான் தற்காலிகம். சிலோனிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு அப்படித்தான். அவள் ஆட்கள் அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலை ஏறினவர்கள், எங்களுக்கு முன்னாலேயே பேர் பதிந்தவர்கள். எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்தில் நாங்கள் இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறை, அவள் பேருக்குக் கொடுத்தது. கூடை தூக்காதவளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் காம்பரா இல்லை.

அப்போது தேயிலை விலை விழுந்து கிடந்தது. முதலில் வாரத்தில் சில நாள் பெரட்டு இல்லை என்றார்கள். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பிறகு ஃபாக்டரியையும் எஸ்டேட்டையும் மூடினார்கள். எதிர்மலையில் படகர்கள் சொந்தத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். எங்கள் எஸ்டேட்டில் பிடுங்கவும் ஆளில்லை, வெட்டவும் ஆளில்லை. நான் இடுப்பு உயரத்துக்கு வெட்டி வைத்திருந்த செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்தன. தேயிலை பூப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு அது சாவு மாதிரி.

களைக்கு மருந்து அடிப்பதும் நின்றது. அதனால் நிரைக்கு நிரை கீரை வந்தது. மணத்தக்காளி, பண்ணைக் கீரை. ஓடைக் கரையில் வல்லாரை. முன்னால் மருந்து அடித்த மண்ணில் கையை வைக்கப் பயப்படுவோம். இப்போது பெண்கள் எல்லாரும் மடி நிறையப் பறித்தார்கள். ரேஷன் அரிசியும் கீரையும்தான் லயத்துக்குச் சோறு.

லயத்தில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றக் காம்பராக்களிலிருந்து கறி வரும். யாரும் சொல்லி வைப்பது இல்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம், மூடி போட்டு. நல்ல காலத்தில் கருவாடு வரும், முட்டை வரும். அந்த வருடம் வந்தது கீரைதான். பொரித்த கீரை, பருப்பில்லாத கடைசல், வல்லாரைச் சம்பல். முதல் கிண்ணம் எப்போதும் அடுத்த காம்பராக்காரியுடையது. அவளும் சிலோன் ஆள். வாய் நீளம்.

"ரத்தஞ் செத்தவளுக்குக் கீரைதான் மதினி. இருந்து தின்னுங்க. அந்தா நிக்கிறாரே ஒங்க வீட்டுக்காரரு, மொகத்தையே கவாத்து வெட்டி வச்ச மாதிரி, அவருக்கு ஒரு வாய் குடுத்துறாதீங்க. ஒங்களுக்குன்னு ஆஞ்சது."

என் மனைவி சிரித்தாள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிட முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்த மாதிரிதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு மாதம் ரத்தம் பார்க்கப் போகவில்லை. இரண்டு பேர் கீழே கோயமுத்தூர் போய்வரக் காசு புரளாத மாதங்கள் அவை. மாத்திரைதான் ஒழுங்காகப் போகிறதே என்று இருந்துவிட்டோம்.

அந்த நாட்களில் நான் இரண்டு பேரைப் போய்ப் பார்த்தேன். டாக்டர் சொல்வதைக் கேட்டாயிற்று. செய்துகொண்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஒருவர் அருவங்காட்டில் இருந்தார். வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. தொடை வழியில் செய்தவர். வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். எறும்பு கடித்த அளவுதான் தழும்பு. அடுத்த வாரமே ஷிஃப்டுக்குப் போனாராம். ஒரு வருடம் கழித்துத் துடிப்பு திரும்பிவிட்டது. இரண்டாம் தடவை சுட்டார்கள். இப்போது பரவாயில்லை என்றார். சொல்லும்போதே கை மணிக்கட்டுக்குப் போனது. பேசி முடிக்கிற வரைக்கும் நாடியை விடவில்லை. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர் தூக்கத்திலும் இப்படித்தான் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர் மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறவர். யானை பார்க்க வந்த ஆட்கள் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் காக்க வைத்துவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கழுத்துக் குழியிலிருந்து மேல்வயிறு வரைக்கும் ஒரே கோடு. பழைய கவாத்து வெட்டு மூடிக்கொண்ட மாதிரி திரண்டு இருந்தது. அவருக்கும் கதவு, அவருக்கும் உள்ளே கோடு வெட்டினது. அதற்குப் பிறகு தப்புத் துடிப்பே இல்லை என்றார். மூன்று மாதம் தும்மக்கூடப் பயம். இப்போதும் பாதை மோசமாக இருந்தால் எலும்பு பேசும்.

பயமாக இல்லையா என்று கேட்டேன். செத்துப்போகிறவர்களும் உண்டாமே என்றேன். பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"இருக்காங்கண்ணா. ஆனா நீங்க அவங்களைத் தேடிப் போய்க் கேக்க முடியாதே. எல்லாரும் பொழச்சவன்கிட்டதான் வந்து கேக்குறாங்க."

வண்டியில் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். போய்விட்டார்.

கல்லட்டி ஏற்றம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு நெஞ்சு வழிதான் சரி என்று பட்டது. ஒரே வெட்டு, முடிந்தது. வீட்டுக்கு வந்து இருவரையும் பற்றிச் சொன்னேன். என் எண்ணத்தைச் சொல்லவில்லை. நெஞ்சு அவளுடையது. அவள் கேட்டுவிட்டு, எறும்பு கடித்த தழும்பு போதும் என்றாள். எஸ்டேட் திறந்தால் முதல் பெரட்டில் நிற்க வேண்டும் என்றாள். சரி என்றேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பலூன் போடுவதற்கு முன்னால் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு நெஞ்சின் பின்பக்கத்தைப் பார்ப்பார்களாம். பார்த்தார்கள். நான் வெளியே நின்றேன். டாக்டரம்மா வெளியே வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். வீங்கின அறையின் மூலையில் ரத்தக்கட்டி இருக்கிறது என்றார். ரத்தத்தையும் பார்த்திருந்தார்கள். மாத்திரை பிடிக்கவே இல்லை.

விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். விடவில்லை என்றாள். காலி அட்டைகளைப் பையில் கட்டி வைத்திருந்தாள், எடுத்துக் காட்டினாள். வேறு மருந்து? இல்லை. என்ன சாப்பிடுவீர்கள்?

"சோறு, ரசம், கீரைங்க."

"கீரை எப்பப்போ?"

"தெனமுமுங்க. ரெண்டு வேளையும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மாத்திரை ரத்தத்தை உறையாமல் வைக்கிறது, கீரை அதற்கு எதிர்வேலை செய்கிறது, அவ்வளவு கீரை சாப்பிட்டால் மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரிதான் என்றார். என் மனைவிக்கு அது ஏறவில்லை.

"மருந்துதான் கூடாதுன்னீங்க. கீரை மருந்து இல்லீங்களே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இனி தொடை வழி கிடையாது என்றார். குழாய் பட்டால் கட்டி கழன்று மூளைக்குப் போய்விடும். மாத்திரையைச் சரி செய்து கட்டி கரைகிற வரைக்கும் காத்திருக்கலாம்தான். ஆனால் கட்டி ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை, ஆடுகிறது. காத்திருக்க எனக்கே பயமாக இருக்கிறது என்றார். நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்துவிட்டு, கதவு, கோடு எல்லாம் ஒரே தடவையில் செய்துவிட வேண்டும்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று அடைந்துவிட்டது. நான் விரும்பின வழிதான் மிச்சம். அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

வார்டில் அவள் புடவையை மாற்றிக்கொண்டு பையைக் கட்டினாள். ஊட்டுக்குப் போலாமுங்க என்றாள். நான் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவள் எடுத்தாள். திரும்ப வாங்கி வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூடை?" என்றாள்.

"நான் எடுக்கறேன் கொழுந்து."

"நீங்களாக்கும். கொழுந்து எது முத்தல் எதுன்னு தெரியாது. கைக்கு வந்ததப் பிடுங்கிப் போட்டுக் கங்காணிகிட்ட ஏச்சு வாங்கீட்டு நிப்பீங்க."

"வாங்கறேன்."

உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அவங்ககிட்டச் சொல்லாதீங்க."

"யார்கிட்ட?"

"லயத்துல. கீரையாலதான்னு. நான் போயிட்டாலுஞ் சொல்லாதீங்க. ஒவ்வொருத்தியும் வெச்சுத் தின்னுறதுல பாதியக் கொண்டாந்து குடுத்தாங்க."

சரி என்றேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துக் காட்டினார்கள். பாதி காதில் விழவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் கூட்டிப்போனார்கள். சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். பெஞ்சு இருந்தது, உட்கார முடியவில்லை. கவாத்து வெட்டும்போது எல்லாக் கிளையையும் வெட்டமாட்டோம். மூச்சுக்கு ஒரு கிளையை இலையோடு விடுவோம். புதுத் துளிர் வந்த பிறகுதான் அதை எடுப்போம். அது இல்லாமல் மொட்டையாக வெட்டினால் மெலிந்த செடி காய்ந்துபோகும். அவளுக்கு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். மூச்சுக்கு விட்ட கிளை வெளியே ஒரு மிஷினில் இருந்தது. இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாமியைக் கூப்பிடத் தோன்றவில்லை.

மத்தியானம் தாண்டியது. சாப்பிடப் போ என்றார்கள். போகவில்லை. நேரம் ஆக ஆக, மசினகுடிக்காரர் சொன்னது ஒன்றே காதில் இருந்தது. தேடிப் போய்க் கேட்க முடியாதவர்கள். இந்தக் கதவு வழியாக எத்தனை பேர் அப்படிப் போயிருப்பார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் செத்துவிட்டால் லயத்துக்குப் போய் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். கிண்ணம் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் வந்து அழுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இருந்துவிடுவேன். அதற்குத்தான் பழகியிருக்கிறேன். சுவரில் சாய்ந்துகொண்டேன்.

டாக்டரம்மா வந்தார். கட்டியை எடுத்தாயிற்று, கதவு வைத்தாயிற்று, கோடுகளும் போட்டாயிற்று என்றார். திரும்ப ஓடவிட்டபோது நெஞ்சு உடனே எழவில்லை, கொஞ்சம் தயங்கினது என்றார்.

"இப்போ ஒழுங்கா ஓடுது. நாளைக்கும் ஓடணும்."

மறுநாள் ஓடியது. அதற்கு மறுநாள் திரும்பவும் கோழி சிறகடித்தது. மிஷினில் கோடு கிறுக்கலாக ஓடுவதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். எல்லாம் வீண் என்று நினைத்தேன். தழும்பு இறுகுகிற வரைக்கும் இப்படி வந்து வந்து போகும், சில மாதம் ஆகும் என்று நர்ஸ் சொன்னார். நம்பவில்லை. நம்பாமல்தான் அங்கே இருந்தேன். அவள் கண் திறந்து என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, சாப்பிட்டீங்களா என்றுதான்.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். உலோகக் கதவு உள்ளே சத்தம் போடும். காம்பராவில் பேச்சில்லாத நேரத்தில் டிக் டிக் என்று கேட்கும். அடுத்த காம்பராக்காரி காதை வைத்துக் கேட்டாள். "என்னா மதினி, உள்ளுக்கு மணிக்கூடு வச்சிட்டாங்களா? இனி பெரட்டுக்குச் சங்கு ஊத வேணாம், ஒங்கள நிப்பாட்டிட்டாப் போதும்" என்றாள். நான் சத்தத்தில் கதியைத்தான் கேட்டேன். விட்டு விட்டு வந்த நாட்களும் இருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் ஒரே கதிக்கு வந்துவிட்டது. கொழுந்து எடுத்த அவள் கை மாதிரி.

உலோகக் கதவுக்கு ஆயுசுக்கும் அந்த மாத்திரைதான். கீரை எப்போதாவது கொஞ்சம், அதுவும் ஒரே அளவாக. இதை இப்போது எழுதலாம் என்று அவள்தான் சொன்னாள். அந்த லயத்தில் இப்போது யாரும் இல்லை. பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். மிச்சப் பேர் எங்கே என்று தெரியாது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது படித்தால், என்ன சாப்பிடலாம் என்று முதலிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அன்றைக்கு, நாங்கள் வந்து இறங்கின அன்று சாயங்காலமே கிண்ணங்கள் வந்தன. ஆபரேஷன் ஆனவளுக்கு என்று முன்னைவிட அதிகம். அவள் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு கிண்ணத்தையும் இரண்டு கையாலும் வாங்கினாள். அவர்கள் போனதும் என் பக்கம் தள்ளினாள். அவள் ரசம் சோறு சாப்பிட்டாள். நான் கீரையைத் தின்றேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொட்டினால் தெரிந்துவிடும். சின்ன லயம். அடுத்த நாளும் வந்தது. அடுத்த நாளும் தின்றேன்.

ஒரு நாள் கதவு திறந்திருந்தது. நான் வழித்துத் தின்பதை அடுத்த காம்பராக்காரி பார்த்துவிட்டாள். குழாயடியில் சொல்லிவிட்டாள். நெஞ்சு பிளந்து கிடக்கிற பொம்பிளையின் வாயில் போக வேண்டியதைப் பிடுங்கித் தின்கிறவன் என்று எனக்குப் பேர் வந்தது. நான் போனால் பேச்சு நிற்கும். ஒரு கிழவர் என் முகத்துக்கு நேராகவே துப்பினார். என் மனைவி அழுதாள். சொல்லிடுங்க என்றாள். நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டவள் அவள். சரி என்றவன் நான்.

எஸ்டேட் வேறு முதலாளி கைக்குப் போய்ப் பாதி திறந்தது. அவள் பெரட்டுக்குப் போய் நின்றாள். கூடைக் கயிற்றை மாட்டினாள். கால்வாசி நிரைகூடத் தாண்டவில்லை, நெஞ்செலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தக் கூடையை வாங்கிக்கொண்டு கொழுந்து எடுத்துப் பார்த்தேன். முத்தல் முத்தலாகப் போட்டேன். ஏச்சு வாங்கினேன். பேரை எடுத்துவிட்டார்கள். காம்பராவைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

கிளம்பின அன்று சாமான்களை மேலே ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அடுத்த காம்பராக்காரி மூச்சு வாங்க ஏறி வந்தாள். மடியிலிருந்து ஒரு கட்டு மணத்தக்காளியை எடுத்தாள். ஈரம் காயவில்லை. என் மனைவியிடம் கொடுக்கப் போனவள், அவள் கையில் பை இருந்ததால் என்னிடம் நீட்டினாள். கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தாள்.

"இது மதினிக்கு. இதையாச்சும் அவங்க தின்னட்டும்ண்ணே."

வாங்கிக்கொண்டேன். பஸ் வந்தது.